இன்னும் ஒரு பூச்சு

கண்ணாடிச் சட்டத்துக்கு என் மனைவி மூன்றாவது முறையாக உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில் பழைய போர்வையை விரித்து, சட்டத்தை அதன்மேல் கிடத்தி, தலையில் ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். மூக்கு நுனியில் மரத்தூள். கல்யாணமான புதிதில் பழைய சாமான் கடையில் வாங்கி, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே இருவரும் தூக்கிவந்த ஆளுயரக் கண்ணாடி அது. இத்தனை வருஷமாக அதன் சட்டம் கறுத்துக் கிடந்தது அவள் கண்ணில் படவே இல்லை. எனக்கு முகம் கோணிய மறுநாள்தான் பட்டது. "ச்சே, எவ்ளோ அசிங்கமா இருக்கு, பாலிஷ் போடணும்" என்று கழற்றியவள், கண்ணாடியை மட்டும் தனியே எடுத்து, துணியில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாய் வழியே தானாக ஒழுகியது. அப்படித்தான் ஆரம்பித்தது. இடது கண் மூடாது, இடது பக்கம் சிரிக்காது. முக நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தூங்கும்முன் என் இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவது, சொட்டு மருந்து விடுவது, சவரம் செய்துவிடுவது எல்லாம் அவள்தான். நானே செய்துகொள்கிறேன் என்றால், "கண்ணாடி இல்லாம எப்படிப் பண்ணுவீங்க? வெட்டிக்குவீங்க" என்பாள். கண்ணாடியை ஒளித்துவைத்தவள் சொல்கிற நியாயம்! ஆனாலும் அவள் விரல்கள் என் தாடையைப் பிடித்துத் திருப்பும்போது நான் மூச்சு விடமாட்டேன். சுகமாகத்தான் இருந்தது.

என் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காமலா இருப்பேன்? முதல் நாளே போனில் பார்த்தாயிற்று. நான் போட்டோ ஸ்டூடியோவில் பாதி ஆயுளைக் கழித்தவன். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் பிழைப்பவன். சொன்னதும் யாரும் சிரித்துவிடுவதில்லை. முதலில் நான் சிரிக்கவேண்டும், அதைப் பார்த்துத்தான் அவர்கள் சிரிப்பார்கள். என் கைவசம் இருந்த ஒரே வித்தை அது. காலையில் முதலாளி போன் செய்திருந்தார். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் குரூப் போட்டோ. வரமுடியுமா, இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா? சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகள் கேலியாகச் சிரித்தால்கூடப் பரவாயில்லை. முன்வரிசையில் உட்காரும் பொடிசு ஒன்று என்னைப் பார்த்து அழுதுவிட்டால்?

அதையே நினைத்தபடி அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பூச்சு காய்ந்ததும் தூசி ஒட்டியிருக்கிறது என்று தேய்த்து எடுத்தாள். இரண்டாவதிலும் தூசி. இப்போது மூன்றாவது. பிரஷ்ஷை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். தேன் நிறத்தில் மரத்தின் வரிகள் எழும்பி வந்தன. அவ்வளவு அழகு. வேலை முடிந்ததும் எழுந்தாள், என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள், ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். மூலையில் கூட்டிவைத்திருந்த மரத்தூள் கூடம் முழுக்கப் பறந்து ஈரப் பூச்சிலும் போய் ஒட்டியது. ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவள் இவள்!

"ஏம்மா, ஃபேன நிறுத்து."

"புழுக்கமா இருக்குங்க."

"இன்னும் எத்தன தடவ தேய்ப்ப? மரமே தீந்துடும்."

பிரஷ்ஷைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு பூச்சு. அதுக்குள்ள சரியாயிடும்."

"எது? சட்டமா?"

அவள் தோள் குலுங்கியது. நானே போய் ஃபேனை நிறுத்தினேன். ஈரம் படாமல் சட்டத்தின் பின்பக்கமாகப் பிடித்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நிமிர்த்தினேன். கண்ணாடி இல்லாத சட்டத்துக்குள் அவள் நின்றாள், தலைத்துண்டோடு, எனக்கு முதுகைக் காட்டியபடி.

"நான் பாத்துட்டேன்மா. மொத நாளே."

சட்டென்று திரும்பினாள், மூக்கில் இன்னும் மரத்தூளோடு. "அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா சவரம் பண்ணிவிட மாட்டியே."

"அடப்பாவி மனுஷா!" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடறாங்க. போகவா வேணாமான்னு நீதான் சொல்லணும். அங்கயே நில்லு. இங்க பாரு."

குனிந்து, சட்டத்துக்கு இந்தப் பக்கம் என் முகத்தைக் காட்டினேன். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி, முழுசாகச் சிரித்தேன். பாதிதான் வந்தது.

இத்தனை நாளும் தாடையைத் தாடையாகவும் இமையை இமையாகவும் மட்டுமே பார்த்தவள், இப்போதுதான் முகத்தை முகமாகப் பார்த்தாள். கீழுதடு நடுங்கியது. பிறகு அவள் வாயின் ஒரு ஓரம் மட்டும் மெல்ல மேலே போயிற்று. என் கட்டைவிரல் நழுவி ஈர வார்னிஷில் பதிந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமல், இன்னொரு ஓரத்துக்காகக் காத்திருந்தேன்.