திட்டாத சமையல் புத்தகம்

கல்யாணமான நாளிலிருந்து கறிக்கடைக்காரர் ஒரு வழக்கத்தை விட்டதில்லை. கடையை அடைக்கும் முன் அன்றைய கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, கொழுப்பை நீக்கி, காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அன்பை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர். "ஒனக்குன்னு எடுத்து வெச்சேன்" என்று பொட்டலத்தை நீட்டுவதோடு சரி.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியும் வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு அவள் 'வேன் அக்கா'தான். கறி இல்லாத தட்டைக் கண்டால், யாரோ தன்னை அவமானப்படுத்திவிட்ட மாதிரிப் பார்ப்பாள். ஜோடிப் பொருத்தம் அப்படி.

ஒரு நாள் அவளுடைய வலது கால் கட்டைவிரல் தக்காளிப் பழம் போல வீங்கிவிட்டது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. பிரேக்கை மிதித்தால் உயிர் போய் உயிர் வந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படி ஓட்டக் கூடாது என்று வேன் சாவியை அவளே முதலாளியிடம் கொடுத்துவிட்டாள். கறிக்கடைக்காரர் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"யூரிக் ஆசிட் ஏறியிருக்கு, கறியக் கொறைங்கன்னு போன தடவையே சொன்னேனேம்மா. கொறைச்சீங்களா இல்லையா?" என்றார் டாக்டர்.

வேன் அக்கா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

"போன தடவையா?" கறிக்கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "எப்ப வந்த நீ?"

"சும்மா இந்தப் பக்கமா வந்தப்ப..."

"சும்மா வர்ற எடமா இது?"

அவளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்த பிறகுதான் கேட்டார். "ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? பொட்டலத்த நீட்டுறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. தெனமும் பாக்கறவ நான். வேணாம்னு சொல்ல வாய் வரல."

அவருக்குச் சுருக்கென்றது. ஆசை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்ததுதான் அவளைக் குத்தியிருக்கிறது. "அதுக்காக, வலிக்க வலிக்கத் தின்னியா?"

"ருசியாவும் இருந்துச்சே," என்றாள் அவள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் எழுந்து வெளியே போனார். காய் சமைக்க அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்குள் வெங்காயம் வருவதே கறிக்குத் துணையாகத்தான். யாரிடமாவது கேட்கலாம் என்றால், கறிக்கடைக்காரர் கத்தரிக்காய்க்குப் பக்குவம் கேட்கிறார் என்று தெரு முழுக்கச் சிரிக்கும். அடுத்த தெருவில் ஒரு புத்தகக் கடை இருந்தது. அதை நடத்துகிற பெண் தன் பூனைக்காக அவரிடம் ஈரல் வாங்குகிறவள்.

"என்னண்ணே, ஈரல் கடைக்கே வருதா?" என்று எழுந்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தடிமனான ஒரு புத்தகத்தை முதலில் எடுத்துக் கொடுத்தாள். திறந்தவுடன் கண்ணீர் வடிக்கும் கன்றுக்குட்டியின் படம். கீழே, இன்றே திருந்துங்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"காசு குடுத்துத் திட்டு வாங்கணுமாம்மா? அது வீட்டுலயே ஓசியில கெடைக்குது."

அடுத்தது, கறி மாதிரியே செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. "மாதிரியா? அவகிட்டயா? மூடியத் தொறக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிருவா." மூன்றாவதில் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஒரு சுண்டலுக்கு இரண்டு பத்தி நீளத்துக்குச் சாமான்கள். பாதிப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

நாலாவது ஒல்லியாக, அட்டை மங்கிப்போய் இருந்தது. நின்றபடியே படித்தார். 'கத்தரிக்காயை அவசரப்படுத்தாதீர்கள். தோல் சுருங்கிக் காம்பு தானாகத் தளரும்வரை தணலில் கிடக்கட்டும்' என்று எழுதியிருந்தது. இன்னொரு பக்கத்தில், கறியை ஒரேயடியாக விடமுடியாதவர்கள் சட்டியில் பாதிக்குப் பாதி காளான் சேர்த்துப் பழகலாம் என்று, தோளில் கைபோட்டுச் சொல்வது போல இருந்தது.

"இத எழுதுன அம்மா அடுப்படியில நின்னு கையச் சுட்டுக்கிட்டவங்க," என்றார். "இதக் குடு."

அன்று மாலை சமையல் அவர் பொறுப்பு. வேன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் காலை நீட்டியபடி புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாள். அவர் காயைத் தணலில் போட்டுவிட்டுப் பத்து எண்ணுவதற்குள் புரட்டினார்.

"அவசரப்படுத்தாதீங்கன்னு போட்டிருக்கு."

"வேகுதான்னு பாக்க வேணாமா?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும்கறாங்க. என் மேல கோவம்னா காய் என்ன பண்ணும்?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒன் மேல கோவமில்ல. இனிமே வலிச்சா எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும். டாக்டருக்கும் முன்னாடி."

"சரி," என்றாள். அதற்குள் ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகியதைச் சுரண்டிவிட்டு, பூண்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்து அவள் தட்டில் வைத்தார். அவள் ஒரு வாய் எடுத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கம்மி," என்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாத்திரையும் காய்கறியுமாக வீக்கம் மெல்ல வடிந்தது. அவள் மறுபடி வேனில் ஏறிய அன்று பிள்ளைகள் போட்ட கூச்சல் கறிக்கடைவரை கேட்டது. இப்போது அந்த வீட்டில் கறி வாரத்தில் ஒரு நாள்தான், அதுவும் காளானோடு பாதிக்குப் பாதி. மற்ற நாட்களில் புத்தகத்தின் எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு. அவருக்குப் பூசணிக்காய் வேண்டும். அவளுக்கு அது ஆகாது.

"நாளைக்குப் பட்டாணி," என்பாள் அவள், பக்கத்தை மடித்துவைத்து.

"மடிக்காதடி, புத்தகம் வீணாப்போகும்," என்று பிடுங்கி, பூசணிக்காய் இருக்கும் பக்கத்தை அவர் மடித்துவைப்பார்.