விக்ரமாரச்சி எழுதிய தமிழ்

“இந்தக் கேள்விய ஆர் எழுதினது?” என்று கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள்.

“சிங்கப்பூர்க்காரன்,” என்றார் பாயிஸ். “என்ன கேட்டீக்கி?”

“எழுதியவர்களில் எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் இந்தப் புரொஜெக்ட் நின்றுபோகும்?”

“அவனுக்கு இங்கத்த பஸ்ஸப் பத்தித் தெரியாது. பதில எழுதுங்க.”

“ஒராள்.”

2008ஆம் ஆண்டு, போர்க்காலம். வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே பாயிஸின் ஒபிஸ். மருந்துக் கடைகளுக்கு லேபல் அடிக்கும் புரோகிராம் ஒன்றை ஆறு வருடமாக விற்றுவந்தார். மருந்தின் பெயர், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் மூன்று மொழியிலும். அதை மொத்தமாக வாங்க ஒரு சிங்கப்பூர்க் கம்பனி வந்திருந்தது. வாங்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னது. யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள்கள் அதற்குள் பதினாலு இருந்தன. அவற்றை இன்னும் யாராவது பராமரிக்கிறார்களா, எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்புப் போடுவது கொன்ஸ்ரன்ஸின் வேலை. கொட்டாஞ்சேனைக்காரி, ஐம்பத்திரண்டு வயது. தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டாள் என்று பெயர் எடுத்தவள்.

பதின்மூன்றுக்குப் பச்சை போட்டாயிற்று. மிச்சம் ஒன்று, தமிழ் எழுத்தைச் சின்னப் பிரிண்டரில் உடையாமல் அச்சடிப்பது. எழுதியவர் என். விக்ரமாரச்சி. தனி ஆள். கடைசியாகக் கை வைத்தது 2006 நவம்பர். அனுப்பிய மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன.

“இவர் போட்ட நிபந்தனைய வாசிச்சனீங்களோ?”

“இலவசமெண்டு ஈந்திச்சு. எடுத்த.”

“இலவசம்தான். ஆனா உங்கட புரோகிராமோட சேர்த்து வித்தா, நீங்க எழுதின கோட் முழுசையும் இதே மாதிரித் திறந்து காட்டவேணும் எண்டு எழுதியிருக்கு.”

பாயிஸ் கண்ணாடியைக் கழற்றினார். “முழுசுமா?”

“முழுசும்.”

“அப்ப சிங்கப்பூர்க்காரன் என்னத்த வாங்கிற?”

“எழுதினவர் தனியா ஒரு கடிதம் தரலாம், பாயிஸ் திறந்து காட்டத் தேவையில்லை எண்டு. பெயர், அடையாள அட்டை நம்பர், கையெழுத்து. இல்லாட்டி இதை வெட்டி எறிஞ்சுபோட்டு வேற ஆளக் கொண்டு புதுசா எழுதவேணும்.”

“எவ்வளவு காலம்?”

“நாலு மாசம் எண்டு வையுங்கோ.”

“விக்ரமாரச்சியப் புடிங்க, மிஸ்.”

அன்று பின்னேரம் முழுக்க விக்ரமாரச்சி எழுதிய கோட் முழுவதையும் வரி வரியாக வாசித்தாள். நடுவில் ஓர் இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்று கிடந்தது: இங்க கை வச்சிராதீங்க, நாலு நாள் தூங்கல. சிங்கள ஆள் தமிழ் படித்திருக்கலாம். ஆனால் மலைநாட்டில் அட்டன் பக்கத்துப் பேச்சில் எரிந்துவிழ எங்கே படித்தார்? அச்சுச் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு மாதிரிப் பில்லும் வைத்திருந்தார். அது கற்பனையாக எழுதினதல்ல; அந்தக் கடை கொட்டாஞ்சேனையில் அவளுக்குத் தெரிந்த கடை. மயிலம்மா சாப்பாட்டுக் கடை, ஜம்பட்டா வீதி. இடியப்பம், சொதி, கட்டாச் சம்பல்.

பெயரை அவ்வளவு கவனமாக மாற்றியவர் சாப்பிட்ட பில்லை மாற்ற மறந்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் கொன்ஸ்ரன்ஸ் ஜம்பட்டா வீதியில் இடியப்பம் சாப்பிட்டாள். பில் தமிழில், ஓர் எழுத்தும் உடையாமல் வந்தது.

“இந்த மெஷினை ஆர் செய்து தந்தது?”

மயிலம்மா சில்லறை எண்ணுவதை நிறுத்தினாள். “ஏன், வரி கட்டணுமா?”

“இல்ல. நல்லாயிருக்கு.”

“நீங்க பொலிஸ் பக்கமா?”

“நான் சென் லூசியாஸ் கோயில் பக்கம். பிறந்ததே இங்கதான்.”

மயிலம்மா அவளுடைய செருப்பிலிருந்து முகம் வரை பார்த்துவிட்டு உட்பக்கம் திரும்பினாள். “தம்பி, சோத்த அப்பறம் திங்கலாம். ஒன்ன ஒரு மிஸ் கேக்குறாங்க. கல்யாணம் பேச வந்த மாதிரித் தெரியல.”

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் இருளப்பன். பக்கத்தில் ஒரு கொம்யுனிக்கேஷன் கடையில் ஃபோட்டோக்கொப்பி எடுக்கும் வேலை. மேலே மயிலம்மாவின் அறையில் வாடகைக்கு இருந்தான். கொன்ஸ்ரன்ஸ் விஷயத்தைச் சொன்னாள்.

“நான் எழுதினதுதான், மிஸ்.”

“விக்ரமாரச்சி ஆர்?”

“தெமட்டகொடை ரயில்வே யார்டுல அப்பாவுக்கு மேல இருந்த போர்மன். செத்துட்டாரு.”

“ஏன் அவற்ற பெயர்?”

“ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் எடுப்பாங்கன்னு நெனச்சேன். இருளப்பன்னு ஒரு தமிழன் எழுதினதுன்னா, உள்ள வேற என்னமோ இருக்கும்ன்னு சொல்லுவாங்க.”

“பிறகு ஏன் விட்டனீங்க?”

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். “பொலிஸ் ரூமச் செக் பண்ண வந்தாங்க. பிரிண்டர் போர்டு ரெண்டு, கொஞ்சம் வயர். குண்டு செய்யவான்னு கேட்டு என்னப் பதினெட்டு நாள் உள்ள வச்சிருந்தாங்க. நல்ல வேள, கம்ப்யூட்டரத் தொறந்து பாக்கல. அடையாள அட்டையில ஒரு பேரு, உள்ள இன்னொரு பேரு. பாத்திருந்தா இப்ப நீங்க இங்க இடியப்பம் மட்டுந்தான் சாப்பிட்டிருப்பீங்க.”

கொன்ஸ்ரன்ஸ் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். ‘விக்ரமாரச்சி என்ற பெயரில் எழுதிய இருளப்பனாகிய நான்’ என்று அது தொடங்க வேண்டியிருந்தது. ஒரு பிரதி சிங்கப்பூருக்கு, ஒன்று வக்கீலுக்கு, ஒன்று பாயிஸின் அலுமாரிக்கு.

அவன் அதை இரண்டு முறை வாசித்தான். “அவங்க பதினெட்டு நாளாத் தேடினத நீங்க மூணு பிரதியாக் கேக்குறீங்க.”

“ஓம்.”

“போட்டா எனக்கு என்ன கெடைக்கும்?”

“ஒண்டுமில்ல. பாயிஸ் நன்றி சொல்லுவார்.”

“என்னக் காணலன்னு எழுதுங்க.”

“கண்டுட்டனே.”

“என்னத்தானே கண்டீங்க. விக்ரமாரச்சியக் கண்டீங்களா?”

அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை அறிக்கையில் சிவப்புப் போட்டாள். ‘என். விக்ரமாரச்சி என்று எவரும் கண்டுபிடிக்கப்படவில்லை. இதை நீக்கிப் புதிதாக எழுதவும்.’ பாயிஸ் வாசித்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போன் எடுத்துப் பேசினார்.

“நாலு மாசம் பொறுப்பானாம். அதுக்கு மேல இல்ல. தமிழ அச்சடிக்கத் தெரிஞ்ச ஆள எங்க தேடிற?”

“ஒராள் இருக்கு. இருளப்பன். கொட்டாஞ்சேனையில.”

“கெட்டிக்காரனா?”

“ஒரு வேலை பார்த்தனான். சுத்தமா இருந்தது.”

இருளப்பன் வந்தான். பாயிஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். சம்பளம் பேசினார்கள். செக்பொயின்டில் காட்ட ஒபிஸ் கடிதம் ஒன்றும் தருவதாகப் பாயிஸ் சொன்னார். அதில் என்ன பெயர் போடுவது என்று கேட்டார். “என் பேருதான் சேர், இருளப்பன்,” என்றான்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. புதிதாக எழுதுகிறவர் பழைய கோட் வரிகளை ஒருநாளும் வாசித்திருக்கக் கூடாது; வாசித்திருந்தால் அதன் சாயல் வந்துவிடும். வாசிக்கவில்லை என்று கையெழுத்து வேண்டும். வாசகத்தைக் கொன்ஸ்ரன்ஸ் தயாரிக்கட்டும், சாட்சியும் அவளே.

அவள் ஒரு காலை முழுவதும் எடுத்து ஒரேயொரு வசனம் எழுதினாள்: ‘என். விக்ரமாரச்சி என்பவர் எழுதிய எதையும் நான் வாசித்ததில்லை.’

“வாசிச்சீக்கிறீங்களா, தம்பி?” என்று பாயிஸ் கேட்டார்.

“அவரு எழுதி எதுவும் நான் பாக்கல, சேர்.”

“அப்ப போடுங்க.”

இருளப்பன் தன் பெயரை முழுதாக எழுதினான். பேனாவைக் கொன்ஸ்ரன்ஸிடம் நீட்டினான். இந்த வேலைக்கு வந்த பதினாறு வருடத்தில் அவள் எந்தக் கடதாசிக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் அவன் அவளுடைய மேசைக்கு வந்தான்.

“முடிஞ்சிருச்சு, மிஸ்.”

“என்ன முடிஞ்சது?”

“எல்லாம்.”

அவள் பாயிஸின் அறைக் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. “நாலு மாச வேலைய பன்னிரண்டு நாளில முடிச்சா, ஆரும் கேள்வி கேட்பினம். மூண்டு மாசத்துக்கு முந்திக் குடுக்காதீங்க.”

“அதுவரைக்கும் சும்மா இருக்கச் சொல்றீங்களா?”

“பழையதில பிழையா இருந்ததெல்லாத்தையும் திருத்துங்கோ.”

இருளப்பன் அவள் மேசையின் மூலையில் இருந்த கடதாசியை நேராக்கி வைத்தான்.

“பழையத நான் பாக்கலைல்ல, மிஸ்.”

“ஓம்,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “போய் இருந்து வேலையப் பாருங்கோ.”