குனிந்தால் குறையும் வலி

"வண்டி தள்ளுதப்போ வலிக்காத காலு, பூசைக்குப் போவும்போது மட்டும் வலிக்குதாக்கும்?" என்று கஸ்பார் கேட்டது போன வருடம் தவக்காலத்தில்.

"வலிக்காட்டி நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றாள் கிளாரா.

"ஏட்டி, நிமிந்து நட. எல்லாம் சரியாப் போவும்."

பேச்சு அதோடு முடிந்துவிட்டது. கிளாராவுக்குத்தான் முடியவில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. தீவிலுள்ள ஹேடோ துறைமுக வாசலில் டிபன் வண்டி போடுகிறாள். காலையில் இட்லியும் சாம்பாரும் ஏற்றிய வண்டியை வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் அவளே தள்ளிப்போவாள். வலிக்காது. ஞாயிற்றுக்கிழமை கையை வீசிக்கொண்டு கோயிலுக்கு இறக்கத்தில் நடந்தால் மட்டும், நூறு அடிக்குள் இடுப்பிலிருந்து இரண்டு காலும் கனத்து மரத்துப்போகும். எங்காவது உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். இதைக் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

அவள் கணவர் கஸ்பார் படகு எஞ்சின் மெக்கானிக். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கட்டும் அகலப் பெல்ட் ஒன்றை வாங்கிவந்து அவளுக்குக் கட்டிவிட்டார். அவர்கள் செய்வதைப் போலவே நெஞ்சைத் தூக்கி, முதுகைப் பின்னால் வளைத்து, காலையும் மாலையும் பத்து நிமிடம் நிற்கச் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார். அவளும் நின்றாள். வலி கூடிக்கொண்டே போனது.

கடைசியில் கோயிலுக்கு நடப்பதை விட்டாள். அவர் முதல் பூசைக்கு நடந்துபோனார். அவள் இரண்டாம் பூசைக்கு ஆட்டோவில் போனாள். கோயிலுக்குள் எப்படியும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மற்ற நாட்களில் அவருக்குப் படகு, அவளுக்கு அடுப்பு. வாரத்தில் இருவருக்கும் சேர்ந்து இருந்ததே அந்த இருபது நிமிட நடைதான். அதிலும் அவர் பத்தடி முன்னால் போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதைப் பற்றி அவரிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று முப்பது வருடமாக நினைத்து வந்தாள். இப்போது கேட்டால், வலியைச் சாக்கு வைத்துக் கேட்பதாக ஆகிவிடும்.

கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கும் மகள் சுபிதா ஃபோனில் சண்டை போட்டதால்தான் இருவரும் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் வைஜெயந்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மறுமுறை போனபோது படத்தைப் பார்த்துவிட்டு, "எதையாவது பிடிச்சுக் குனிஞ்சு நடந்தா வலி கம்மியா இருக்கா?" என்று கேட்டார்.

கிளாராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தானாக இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "ஆமா டாக்டரம்மா. வண்டி தள்ளும்போது வலியே இல்ல. உக்காந்தாலும் ஆராம் ஆயிடுது, வலி விட்டுருது."

வயதாக ஆக முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகள் வற்றித் தட்டையாகும், மூட்டுகள் தடிக்கும், நரம்புகள் இறங்கிவரும் வழி குறுகும் என்று டாக்டர் விளக்கினார். குனிந்தால் அந்த வழி சற்று விரியும். பின்னால் வளைந்தால் இன்னும் குறுகும். இறக்கத்தில் நடக்கும்போது உடம்பு தானாகவே பின்னால் சாயும், அதனால்தான் வலிக்கிறது.

"பேரிங் தேஞ்சா மாத்திருவோம். இதுக்கு மெயின்லேண்டுல ஸ்பேர் கெடைக்குமா?" என்றார் கஸ்பார்.

டாக்டர் சிரித்தார். உங்களைப் படம் எடுத்தாலும் தேய்மானம் தெரியும், தேய்மானம் உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை என்றார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கும் பயிற்சி, வயிற்றுத் தசைக்கு ஒன்றிரண்டு, கொஞ்ச நாளைக்கு மாத்திரை. நடப்பதை நிறுத்தக்கூடாது; வலிக்கு முன்பே உட்கார்ந்து, மறுபடி நடக்கவேண்டும். கால் தளர்ந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மட்டும் ஆஸ்பத்திரிக்கு வர ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

பின்னால் வளைந்து நிற்கும் பயிற்சியைப் பற்றிக் கேட்டது கஸ்பார்தான். டாக்டர் அதை அன்றே விடச் சொன்னார்.

வெளியே ஆட்டோ ஸ்டாண்டு வரை இறக்கம். பழக்கத்தில் கஸ்பார் விறுவிறுவென்று இறங்கிப்போனார். கிளாரா பாதியிலேயே ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்து முன்னால் குனிந்துகொண்டாள். திரும்பிப் பார்த்தவர் மேலே ஏறி வந்தார்.

"நாந்தான் உன் வலிய ஏத்திவிட்டுட்டேன்," என்றார்.

"வயசு செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? என் வலிய நம்பாமப் போனதுதான் நீங்க செஞ்சது."

அவர் ஆட்டோவை மேலே கூட்டிவரட்டுமா என்று கேட்டார். கிளாரா வேண்டாம் என்று தலையசைத்தாள். கால் மெல்ல லேசாகிக்கொண்டிருந்தது. இனி அவரிடம் கேட்க எந்தச் சாக்கும் தேவையில்லை.

"வார ஞாயித்துக்கிழமை நான் நடந்தே பூசைக்கு வாரேன். முன்னால போவாதீங்க. நான் நிக்கிற இடத்துல எல்லாம் நீங்களும் என்கூட நில்லுங்க."