பந்து அசையணும்

ஆட்டத்தில் ஓர் ஆளைத் தப்பவிட்டால் விலை பத்து தண்டால். செபாஸ்டினிடம் இதில் பேரமே கிடையாது. ஏரிக்கரையில் மிளகும் காப்பித்தூளும் விற்று, சொன்ன விலைக்கும் கொடுத்த விலைக்கும் நடுவிலேயே குடும்பம் நடத்திய ஞானசுந்தரிக்குப் புருஷனின் அந்த ஒற்றை விலை ஒருநாளும் பிடிபட்டதில்லை.

இப்போது அவன் முற்றத்தில், பெஞ்சின் மேல், பெட்டிக்குள் கிடந்தான். அவளோ ஓரிடத்தில் உட்காரவில்லை. பூக்காரனிடம் மாலைக்கு அறுபது ரூபாய் குறைத்தாள். ஷாமியானாக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"செத்த நேரம் உக்காரு கண்ணு," என்றார் செபாஸ்டினின் அண்ணன் மரியதாஸ்.

"உக்காந்தா எந்திரிச்சு வந்துருவாருங்களா மாமா?"

வாசலில் அவன் பழக்கிய ஆட்டக்காரர்கள் ஆறு பேர், ஒவ்வொருவனும் ஒரு பீரோ மாதிரி நின்றிருந்தார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம். கப்பல் வேலைக்குப் போனபோது செபாஸ்டின் ஒட்டவைத்துக்கொண்டு வந்த வியாதி. அணியில் எதிராளியைத் தடுக்கிற பாதிக்கு அவன்தான் கோச். முன்வரிசையில் முட்டுக் கொடுக்க நாலு பேர். அவர்களைத் தாண்டி வருகிறவனைச் சாய்க்கப் பின்னால் இரண்டு லைன்பேக்கர்கள்.

அந்த இருவரில் ஒருவன் ஸ்டெபின், வெள்ளக்கடை ஊரில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் செபாஸ்டின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவன் மட்டும்தான் பார்த்தான். "ஊட்ல சொல்லாத," என்றானாம் கோச். அவனும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனே வந்து சொன்னான். அதிலிருந்து ஞானசுந்தரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவுங்களே தூக்கட்டும்மா," என்றார் மரியதாஸ். "கல்லறைக்கு மேட்டுப் பாதை. நம்ம சொந்தத்துல முட்டி வலி இல்லாதவன் எவன் இருக்கான்?"

"அஞ்சு பேரு தூக்கட்டுங்க."

"ஆறு பிடிங்க பெட்டிக்கு. அஞ்சு பேரு தூக்குனா சாயும்."

அவள் நேரே வாசலுக்குப் போனாள். "ஸ்டெபின், நீ வேண்டாம்."

"சரிங்கக்கா." அவன் ஒதுங்கி நின்றான்.

ஜெபம் முடிந்தது. ஐந்து பேரும் பிடியில் கை வைத்துக் குனிந்தார்கள். ஆறாவது பிடிக்கு மரியதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "தூக்குங்கப்பா!" என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

"தூக்குங்கடா!"

முழங்கால் மடங்கியபடி, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னடா, காது அடைச்சுக்கிச்சா?" என்று யாரோ கேட்டார்கள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்கள்.

காரணம் ஞானசுந்தரிக்குத்தான் தெரியும். இதே முற்றத்தில் சாயங்காலம் சாயங்காலம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "போ! பிடி! தூக்கு!" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்துவான் மனுஷன். சத்தத்துக்கு அசைந்தவனுக்குத் தண்டால். "கத்தறது எதிராளியோட வேலை. காதை ஊட்லயே வெச்சுட்டு வா. பந்து அசஞ்சாத்தான் நீ அசையணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாலடி தள்ளி, பிடிக்க ஒன்றுமில்லாமல், ஸ்டெபினும் அதே மாதிரி குனிந்திருந்தான். அவன் கண்ணும் பெட்டி மேல்தான்.

"மாமா, நீங்க நகருங்க," என்றாள். பிறகு, "உன் எடத்துக்கு வா," என்றாள், யார் பெயரையும் சொல்லாமல்.

அவன் வந்து குனிந்தான். ஞானசுந்தரி இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியில் வைத்து, ஓர் அங்குலம் தள்ளினாள்.

ஆறு பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள்.

மேட்டில் அந்தப் பெட்டி எங்கேயும் சாயவில்லை.

மண் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கத் தொடங்கியபோது, ஸ்டெபின் மட்டும் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் போனான். தண்டால் எடுக்க ஈர மண்ணில் கை ஊன்றிப் படுத்தான். அவள் நின்றாள். உதடு தானாக எண்ணியது. ஏழு வரைக்கும் சரியாக எழுந்தான். எட்டாவதில் கை மடங்கியது. முகம் மண்ணிலேயே கிடந்தது. முதுகு மட்டும் குலுங்கியது. "எந்திரி" என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், யார் தண்ணீர் கொடுத்தும் வாங்காமல், அலமாரியிலிருந்து செபாஸ்டின் தண்டால் கணக்கு வைத்திருந்த நோட்டை எடுத்தாள். ஸ்டெபின் பெயர் இருந்த பக்கத்தில், புருஷனின் கோணல் எழுத்துக்குக் கீழே, கடைக் கணக்கு எழுதும் தன் கையெழுத்தில் எழுதினாள்:

தப்பவிட்டது 1. எடுத்தது 7. பாக்கி 3.