சொல்லாமல் விட்ட நடுக்கம்

தனக்கோடிக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை நம்பித்தான் லிங்கராஜபுரத்து மனநல மையம் அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. தானும் ஒரு காலத்தில் மனநோயில் விழுந்து எழுந்தவள். அதனால், புதிதாக வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், டாக்டரின் கன்னடத்தைத் தமிழில் சொல்வதும் அவள் பொறுப்பு. வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் ஒரு பிடி பிடிப்பாள்; ஆள் தானாகப் பின்னால் போய்விடுவான்.

சீனுவையும் அப்படித்தான் கூட்டிப்போனாள். ஆரணியிலிருந்து வந்து பொம்மசந்திரா தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கியிருந்தன. கன்னடம் சுத்தமாக வராது.

"அக்கா, மாத்திரை போட்டா கை நடுங்குது. மெஷினாண்ட போவவே பயமா கீது. சார்கிட்ட சொல்லுங்க" என்றான் டாக்டர் முன்னால்.

தனக்கோடிக்குத் திக்கென்றது. ஒருமுறை மாத்திரையைக் குறைத்துத்தான் அவள் மறுபடி வார்டில் போய்ப் படுத்தாள். நடுக்கம் என்றால் டாக்டர் குறைத்துவிடுவார், இவனுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்தது நல்லதுதான், செய்தது அதிகப்பிரசங்கித்தனம். "சென்னாகித்தானே சார், ஏனூ தொந்தரே இல்லா" என்று, அவன் நன்றாக இருப்பதாகவும் ஒரு தொந்தரவும் இல்லை என்றும், டாக்டரிடம் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, சீனு பக்கம் திரும்பினாள்.

"சொல்லிட்டேன்பா. போகப் போக சரியாயிடுமாம்."

சரியாகவில்லை. விரல் போய்விடும் என்று பயந்து சீனு மாத்திரையை நிறுத்தினான். குரல்கள் திரும்பி வந்தன. மெஷினைப் போட்டது போட்டபடி விட்டு, ஓசூர் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தவனைக் கூட்டாளிகள் பிடித்து வந்து வார்டில் சேர்த்தார்கள். வேலையும் போயிற்று.

அவன் தெளிந்த பிறகு தனக்கோடியை வைத்துக்கொண்டு டாக்டர் பேசினார். நடுக்கத்தைப் பற்றிக் கூட்டாளிகள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு சின்ன மாத்திரை சேர்த்திருந்தால் தீர்ந்திருக்குமே, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவனிடம் கேட்கச் சொன்னார்.

தனக்கோடி மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு, ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் கேட்டாள்.

"சொன்னேனேக்கா" என்றான் சீனு. "உங்களாண்டதானே சொன்னேன்."

பூசி மெழுகக் கன்னடத்திலும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன் சொன்னான், நான்தான் உங்களிடம் சொல்லவில்லை என்று டாக்டரிடம் கன்னடத்தில் சொன்னாள். அவர் சீட்டை இழுத்து அந்தச் சின்ன மாத்திரையை எழுதினார்.

"சார் இன்னாக்கா சொன்னாரு? திட்டினாரா?"

சின்ன மாத்திரையில் தீர்ந்திருக்கும் என்பதையும், தான் செய்ததையும் அவள் தமிழில் சொன்னாள். சீனு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வாட்டி வேற யாரையாவது அனுப்புங்கக்கா" என்றான், மரியாதை குறையாமல்.