பிட்சருக்குப் பதிலாக கோர்டி

மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் கோர்டி வாயே திறக்கவில்லை. வண்டியை ஓட்டிய மனைவி மார்லிஸுக்கு இது புதிது. முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் அவனும் அவள் அண்ணன் லீலண்டும் போட்ட சண்டையில் உருளைக்கிழங்குப் பொரியல் ஆறி அவலாகிவிட்டிருந்தது.

லீலண்ட் ஊர் பேஸ்பால் அணியின் பிட்சர். மேனேஜரும் அவனேதான். அவன் எறிவான், கோர்டி எதிரே குந்தி உட்கார்ந்து பிடிப்பான். இருபது கோடைக்காலமாக இதுதான் நடைமுறை. இந்த வசந்தத்தில் டாக்டர் கோர்டியின் முழங்காலைப் பார்த்துவிட்டு, கேட்சராகக் குந்துவதை இனிக் கனவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கைக்கு ஒன்றுமில்லை. வேலிக்கு வெளியே சோளக்காட்டில் பந்தை அடித்துப் போடுகிற கை அது.

இப்படிப்பட்டவனுக்கென்றே ஒரு விதி இருந்தது. பிட்சர்களுக்கு அடிக்க வராது. அதனால் பிட்சருக்குப் பதிலாக வேறொருவன் பேட் பிடிக்கலாம். ஆனால் அவன் களத்தில் இறங்கிப் பந்து பிடிக்க முடியாது. அவனை டி.எச். என்பார்கள். மினசோட்டாவின் அந்த மூலையில் எல்லா ஊர் அணிகளும் டி.எச். வைத்துக்கொண்டன, லீலண்டின் அணியைத் தவிர. கோர்டி அணியில் நீடிக்க அந்த ஒரு வழிதான் பாக்கி.

"அடிக்கிறவன் பிடிக்கணும், பிடிக்கிறவன் அடிக்கணும். அதுதான் ஆட்டம் மாப்ள," என்றிருந்தான் லீலண்ட். "பாதி நேரம் பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறவனுக்குப் பேர் ஆட்டக்காரனா?"

"நீ பேட் பிடிக்கிறதுக்கு மட்டும் பேர் ஆட்டமா மச்சான்? உன் பேட்ல பந்து படணும்னா பந்துக்கே இரக்கம் வரணும்!"

"நான் அவுட் ஆனா நானே ஆவேன். எனக்குப் பதிலா எவனும் ஆக வேணாம்."

"எவனுமா? நான் எவனோவா?"

லீலண்ட் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். கோர்டிக்கு அதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆனால் மைதானத்தில் அம்பயர் எல்ராய் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படித்தபோது கோர்டி தலை நிமிர்ந்தான். "பிட்சருக்குப் பதிலா கோர்டி," என்றார் எல்ராய். லீலண்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். நன்றி சொன்னால் லீலண்ட் கடித்துக் குதறிவிடுவான் என்று கோர்டி நேரே பேட்டை எடுக்கப் போனான்.

முதல் வாய்ப்பிலேயே கோர்டி பந்தைச் சோளக்காட்டுக்கு அனுப்பினான். மார்லிஸ் விசிலடித்தாள். அதன்பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. எல்லோரும் களத்தில் நிற்க, அவன் மட்டும் பெஞ்சில் இருந்தான். தீவன ஆலையில் வேலை பார்க்கும் டார்பிதான் இப்போது கேட்சர். நல்ல பையன். ஆனால் எந்தப் பந்தைப் போடுவது என்று அவன் விரலால் காட்டும் சைகைக்கெல்லாம் லீலண்ட் தலையை ஆட்டி மறுப்பதைப் பார்க்கப் பார்க்கக் கோர்டிக்கு விரல் துடித்தது. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது, அவனுக்கோ அழுகை வரும்போல இருந்தது. மச்சான் சொன்னது சரிதானோ என்று முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதில் அவர்கள் அடிக்கும் முறை முடிந்தபோது டார்பி ரன்னுக்கு ஓடுவதற்காக மூன்றாவது பேஸில் நின்றிருந்தான். அவன் திரும்பிவந்து கவசமெல்லாம் மாட்ட நேரமாகும். அதுவரை பெஞ்சில் இருப்பவன் யாராவது போய்ப் பிட்சர் கையைச் சூடாக்கிக்கொள்ள நாலு பந்து பிடித்துக்கொடுப்பது வழக்கம். கோர்டி முகமூடியை மாட்டிக்கொண்டு போனான்.

குந்தினான். முழங்கால் கத்தியது. முதல் பந்து கையுறைக்குள் வந்து விழுந்த சத்தத்தில் வலி மறந்துபோனது. எதிரணி ஆட்டக்காரன் வந்து பேட்டை ஓங்கியதையோ எல்ராய் பின்னால் நின்று "ப்ளே" என்றதையோ அவன் கவனிக்கவே இல்லை. பழக்கதோஷத்தில் இரண்டு விரலைக் காட்டினான். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த லீலண்டும் அதே பழக்கதோஷத்தில் தலையசைத்து எறிந்தான். பந்து அழகாக வளைந்து உள்ளே வந்தது.

"ஸ்ட்ரைக்!" என்று அதை நல்ல பந்தாக அறிவித்த எல்ராய், அதன்பிறகே குனிந்து பார்த்தார். "அடப்பாவி, நீயா?"

கவசத்தோடு ஓடிவந்த டார்பி பாதி வழியில் நின்றுவிட்டான்.

"பந்து போட்டாச்சு, இனி கோர்டிதான் கேட்சர்," என்றார் எல்ராய். "டார்பி வெளியே. டி.எச். களத்துல இறங்கிட்டா அப்புறம் டி.எச்.சே கிடையாது. டார்பி முறை வரும்போது லீலண்ட் பேட் பிடிக்கணும்."

"ரெண்டும் ஒரே கழுதைங்க!" என்று மார்லிஸ் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

இரண்டு இன்னிங்ஸ் கோர்டி பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினான். குந்தும்போதெல்லாம் சிரித்தான். வலியில் எழும்போது தப்பிய ஒரு பந்தில் எதிரணி ஒரு ரன் முன்னே போய்விட்டது. ஒன்பதாவதின் கடைசியில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். லீலண்டின் முறை வந்தது. பேட்டை மூன்று முறை வீசினான், மூன்று முறையும் காற்றுக்குத்தான் அடிபட்டது. மூன்றாவது ஆளும் அவுட், ஆட்டம் போயிற்று.

பெஞ்சில் கோர்டியால் காலை மடக்கவே முடியவில்லை. லீலண்ட் அவன் முன்னால் மண்டியிட்டுக் கால் கவசத்தின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"இனி டி.எச். வேணாம் மச்சான். நீ சொன்னதுதான் சரி. அந்தப் பெஞ்சுல மனுசன் உக்காருவானா?"

"வாய மூடு. நான் அடிச்ச லட்சணத்தப் பாத்தேல்ல? அந்த விதிய எனக்குன்னே போட்டுருக்கான். அடுத்த வாரமும் நீதான்."

"வீட்டுல சண்ட தீந்துச்சுன்னு நெனச்சேன்," என்றாள் ஐஸ் பையோடு வந்த மார்லிஸ். "இடம் மாத்தி உக்காந்து ஆரம்பிச்சிட்டீங்களே."

அடுத்த ஞாயிறு கோர்டி டி.எச்.தான். பெஞ்சுக்குப் பக்கத்தில் பந்து போட்டுவைக்கும் பக்கெட் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் மார்லிஸின் சமையலறை நாற்காலி மெத்தை ஒட்டப்பட்டிருந்தது.

"ஒவ்வொரு இன்னிங்ஸும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கை சூடாக்கறது நீதான்," என்றான் லீலண்ட், வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "குந்தாத. இதுல உக்காந்து பிடி. பக்கெட்டு மேல உக்காந்திருக்கறவன எல்ராய் எந்தக் காலத்துலயும் கேட்சர்னு சொல்ல மாட்டாரு."

கோர்டி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். வசதியாக உட்கார்ந்தான். சைகையே தேவையில்லாத அந்தப் பந்துக்கும் இரண்டு விரலைக் காட்டினான். லீலண்ட் தலையசைத்தான்.