பதினான்கு வருடம் கழித்து ஒரு விவாகப் பதிவு

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்த தாய் பெற்றிசியா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள் என்று தம்பி தொலைபேசியில் சொன்ன மறுநாளே, அஞ்சலா கடவுச்சீட்டு எடுக்கப் புறப்பட்டுவிட்டாள். தலைமன்னாரிலிருந்து அந்தக் கரை படகில் போனால் சில மணித்தியாலம்தான். இரண்டு வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் அப்படித்தான். இப்போது சட்டப்படி போவதென்றால் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும், ஊரெல்லாம் சுற்ற வேண்டும். ஊர் திரும்பிய எட்டு வருடத்தில் அவள் தாயை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வவுனியாக் கடவுச்சீட்டுக் கந்தோரில் அவளுடைய கடதாசிகளைப் புரட்டிய உத்தியோகத்தர் பொறுமையாகவே விளங்கப்படுத்தினார். பிறப்புச் சான்றிதழில் அவள் பிலிப்பு அஞ்சலா. அடையாள அட்டையில் அஞ்சலா ஜெயகாந்த். இருவரும் ஒரே ஆள்தான் என்று காட்ட விவாகச் சான்றிதழ் வேண்டும்.

அது அவளிடம் இல்லை. முகாமுக்குள் இருந்த சின்னக் கோயிலில் பாதர் ஒருவர் செபம் சொல்ல, ஜெயகாந்த் தாலி கட்டினான். அரசாங்கப் பதிவைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. ஊர் வந்து அடையாள அட்டைக்கு எழுதியபோது, எல்லாரும் கூப்பிடுகிற பெயரையே கொடுத்தாள். மகளின் பள்ளிக்கூடத்திலும் கிளினிக்கிலும் வங்கியிலும் அந்தப் பெயர்தான்.

“அட்டையைத் தகப்பன்ர பேருக்கு மாத்தினாலும் சரிவரும், மிஸ்,” என்றார் உத்தியோகத்தர்.

திரும்பும் வழியில் பஸ் முருங்கன் சந்தியைத் தாண்டும்வரை அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் பெயரை அவள் வெறுத்தவள் அல்ல. ஆனால் பதினான்கு வருடம் மனைவியாக வாழ்ந்துவிட்டு, அதைத் தன் கையாலேயே வெட்டி எழுதுவதா?

ஜெயகாந்த் படகு எஞ்சின் திருத்துகிறவன். எண்ணெய்க் கையைத் துடைத்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப பதிவம்,” என்றான்.

“இனியோ? இவ்வளவு நாளும் கலியாணம் கட்டாமலோ இருந்தனாங்கள் எண்டு சனம் கேளாதோ?”

“கேட்டால் கேக்கட்டும். அம்மாவைப் பாக்கப் போறது சனமில்லை, நீ.”

விவாகப் பதிவாளர் மங்கையற்கரசியிடம் அறிவித்தல் கொடுத்து, இரண்டு கிழமைக்குப் பிறகு மன்னாருக்குப் போனார்கள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு யாகப்பரும் மனைவி றஞ்சினியும் வந்தார்கள். பன்னிரண்டு வயது மகள் வேணுஜா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, தாயின் சேலையைத் தானே அயன் பண்ணிக் கொடுத்து, தானும் கூடவே வந்தாள்.

எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது. கையெழுத்து வைக்கப் போன இடத்தில், தன் பெயருக்கு நேரே ‘விவாகமாகாதவர்’ என்று எழுதியிருந்ததைக் கண்டதும் அஞ்சலாவின் கை நின்றுவிட்டது. மகள் பக்கத்தில் நின்று அதையே வாசித்துக்கொண்டிருந்தாள். அஞ்சலா பேனையை மேசையில் வைத்தாள். இதில் கையெழுத்து வைத்தால் பிள்ளைக்கு ஏதும் வருமா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

மங்கையற்கரசி கண்ணாடியைக் கழற்றினார். “முந்திப் பதியேல்லை எண்டதைத்தான் பிள்ளை, இந்தச் சொல் சொல்லுது. மகளின்ர பதிவில தகப்பன்ர பேரும் இருக்கு, உம்மட பேரும் இருக்கு. அதை ஒருத்தரும் தொடப்போறதில்லை.”

“வையுங்கோ அம்மா,” என்றாள் வேணுஜா. “பிறகு பஸ் போயிடும்.”

யாகப்பர்தான் முதலில் சிரித்தார். அஞ்சலா கையெழுத்து வைத்தாள். ஜெயகாந்த் தன்னுடையதை வைக்கும்போது மாப்பிள்ளைபோலவே வியர்த்துப்போயிருந்தான். வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு ரோல்ஸும் பிளேன் ரீயும் எடுத்துக்கொண்டார்கள்.

வவுனியாவில் அதே உத்தியோகத்தர் சான்றிதழின் திகதியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். அட்டை எட்டு வருடப் பழசு. கலியாணம் போன கிழமை. அஞ்சலா முகாம் பாதரின் பழைய கடிதத்தையும் நீட்டி, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முக்கால் மணித்தியாலம் அவள் கதிரையின் நுனியில் இருந்து, செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் மனதுக்குள்ளேயே சொல்லி முடித்தாள்.

அவர் திரும்பி வந்து, “அப்ப எந்தப் பேரில போடுறது?” என்று கேட்டார்.

“அஞ்சலா ஜெயகாந்த்.”

அவர் தட்டச்சுச் செய்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் இரண்டு தரம் வாசித்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். நெஞ்சில் இவ்வளவு நாளும் எவ்வளவு பாரம் கிடந்திருக்கிறது என்பது அது இறங்கியபோதுதான் தெரிந்தது.

கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்று தாய்க்கு அழைத்து, பதிவு வைத்த கதை முழுவதையும் சொன்னாள்.

“என்னைக் கூப்பிடாமலோ கட்டினீங்கள்?” என்றாள் பெற்றிசியா.

அஞ்சலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபக்கத்தில் தாயும் சிரிப்பது கேட்டது. விசாவுக்கு நாளைக்கே கொடுக்கிறேன், ஒரு மாதமாவது வந்து நிற்பேன் என்று சொல்லி அழைப்பை வைத்தாள். பிறகு அடுப்பில் உலையை ஏற்றச் சொல்லி மகளிடம் விட்டுவிட்டு, பாயை விரித்துப் படுத்தவள், பொழுது சாயும்வரை எழும்பவேயில்லை.